விரலிடுக்கில் நூல்

எங்கள் தறிச் செட்டில் ஐந்து பெண்களுக்கும் வேலை ஒன்றுதான்: துணியில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதே வேலையை வீட்டில் பார்த்தால் சண்டைக்காரி என்று பெயர்.

ஜேடர்பாளையம் பக்கத்தில், கரும்புக் காட்டை ஒட்டி, மயில்சாமி அண்ணன் இருபது தறி போட்டுப் போர்வை ஓட்டிக்கொண்டிருந்தார். தறியிலிருந்து இறங்கும் போர்வை எங்கள் மேசைக்கு வரும். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனி, முடிச்சு, எங்கிருந்தோ வந்து ஒட்டிய பஞ்சு, எல்லாமே பிசிறுதான். முள்வாங்கியாலோ நகத்தாலோ அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைத் துணி மேலேயே போட்டால் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சரக்கு வாங்கும் பம்பாய்க்காரன் பார்த்தால் கட்டோடு திருப்பி அனுப்புவான். அதனால் பிடுங்கியதும் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகிக்கொள்வோம். இடுக்கு நிறைந்ததும் மேசைக்கு அடியில் இருக்கும் டால்டா டப்பாவில் உதறுவோம். பதினோரு வருஷமாகச் செய்த வேலை. கண் பார்க்கும், கை செய்யும், நடுவில் புத்திக்கு வேலையே கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பட்டுச் சேலையில் பிசிறு எடுத்து நான் முறைப்பு வாங்கியதுண்டு.

இதைச் சொல்லிவிட்டுத்தான் அமெரிக்கப் போர்வையின் கதைக்கு வர முடியும்.

எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதம். என் தம்பி அர்த்தநாரிக்கு அயோத்தியாப்பட்டணத்தில் வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு மில் முதலாளியின் குடும்பம் அறக்கட்டளை வைத்து நடத்திய துணி அருங்காட்சியகம் அது. அதில் அவன் உதவியாளர். பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருஷம் லாரி ஆபீஸ், அரிசி மில், டுடோரியல் காலேஜ் என்று அலைந்தவனுக்கு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகிற முதல் உத்தியோகம். ஆறு மாதம் தற்காலிகம், ஒரு புகாரும் இல்லாமல் முடித்தால் நிரந்தர ஆர்டர். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. சேந்தமங்கலத்தில் பெண் பார்த்து வைத்திருந்தோம். "ஆர்டர் கைக்கு வரட்டுமுங்க, தட்டு மாத்திக்கலாம்" என்று பெண் வீட்டார் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவி விட்டதிலிருந்து எல்லாம் நான்தான். அந்த மூன்று வாரத்தை நான் காலண்டரில் கிழித்துக் கிழித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்தபோது அவன் சொன்னான். அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய போர்வை கண்காட்சிக்கு வந்திருக்கிறது, எண்ணூறு வருஷத்துப் பழசு, பருத்தி, இரண்டு வாரம் இருக்கும் என்று. அதை நான் செட்டில் வந்து சொன்னதும் கண்ணாத்தாக்கா முள்வாங்கியைக் கீழே வைத்தாள். கண்ணாத்தாக்கா மயில்சாமி அண்ணனின் மனைவி; முதலாளியம்மா என்றாலும் எங்களோடு அதே மேசையில் நின்று பிசிறு எடுப்பவள், எங்கள் எல்லாரையும்விடக் கண் கூர்மை.

"எண்ணூறு வருசமா ஒரு போர்வ கெடக்குதா? நம்முளுது எட்டுத் தண்ணி தொவச்சாத் தாங்க மாட்டீங்குதேன்னு பம்பாய்க்காரன் கடுதாசி போடறான். அத ஒரு பார்வ பாத்துப்போட்டு வரோணும், அம்மிணி."

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுச்சோறும் தண்ணிக் குடமுமாகக் கிளம்பினோம். கட்டு ஏற்றுகிற டெம்போவில் முன்னால் கண்ணாத்தாக்கா, பின்னால் நான், குஞ்சம்மாள், பொன்னாயி, ஆராயி. குஞ்சம்மாள் வெற்றிலை போட்டால் சங்ககிரி வரைக்கும் வாய் திறக்க மாட்டாள். பொன்னாயி அந்தக் குறையையும் சேர்த்துப் பேசுவாள். ஆராயி எங்களில் குட்டை, வயதிலும் சின்னவள், எதைச் சொன்னாலும் நம்புவாள். அமெரிக்காக்காரர்கள் போர்வையை மாட்டுத் தோலில் செய்வார்கள் என்று பொன்னாயி வழியெல்லாம் அவளிடம் அளந்துகொண்டு வந்தாள்.

அருங்காட்சியகத்தில் போர்வை நடுக்கூடத்தில் இருந்தது. மேசை மாதிரி ஒரு பெட்டி, மேலே கண்ணாடி மூடி, மூடிக்குப் பூட்டு. அதற்குப் பொறுப்பாக மெட்ராஸிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நரை விழுந்த குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. நாங்கள் போர்வைத் தொழில்காரர்கள் என்று தம்பி சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நின்று நிதானமாக எங்களுக்குச் சொன்னார். இதை நெய்தவர்கள் பியூப்ளோ என்ற மக்களின் முன்னோர்கள். மழை குறைந்த வறண்ட நாடு. மலைப் பாறையின் குடைவுக்குள் கல் வைத்து வீடு கட்டி வாழ்ந்தார்கள். பருத்தியை அவர்களே விதைத்து, கையால் நூற்று, சுவரோரம் நிற்க வைத்த தறியில் நெய்தார்கள். ஒரு குகையின் உள்பக்கம், ஈரம் படாத மணலுக்குள் சுருட்டி வைத்தபடி இது கிடைத்ததாம்.

"அந்த ஊர்ல தறியில உட்கார்றது பெரும்பாலும் ஆம்பளைங்கதான்" என்றார் மேடம்.

"அப்பப் பொம்பளைக என்னங்க பண்ணுவாங்க?" என்றாள் பொன்னாயி.

"மாவு அரைப்பாங்க, மண்பாண்டம் செய்வாங்க, வீட்டுச் சுவருக்கு மண் பூசுவாங்க."

"அங்கயும் பொம்பளைக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடையாதாட்டிருக்குது" என்று பொன்னாயி சொல்ல, மேடமே சிரித்துவிட்டார்.

ஒரு மணிக்கு அவர் சாப்பிடப் போனார். போகும்போது தம்பியிடம் சாவியைக் கொடுத்து, ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. மேலே டியூப்லைட் எரிந்தது. கண்ணாடியில் அதுதான் தெரிந்ததே தவிர, போர்வை தெரியவில்லை. எந்தப் பக்கம் குனிந்தாலும் எங்கள் மூஞ்சிதான். எண்பது கிலோமீட்டர் வந்து எங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு எரிச்சல்.

"ஏன்டா, இந்த மூடியக் கொஞ்சம் தூக்கிக் காட்டுனாத்தான் என்ன?"

"அதெல்லாம் ஆகாதுக்கா. தொறக்கவே கூடாது. சாயங்காலம் தெனமும் தாள்ல எழுதி நான் கையெழுத்துப் போடறேன், பெட்டி தொறக்கலீன்னு."

"நாங்க என்ன தூக்கிட்டா ஓடப் போறோம்? ரெண்டு நிமிசம் கண்ணு. நெசவு எப்படியிருக்குதுன்னு பாக்க வந்தவிய கண்ணாடியப் பாத்துட்டுப் போறதா?"

அவன் கண்ணாத்தாக்காவைப் பார்த்தான். அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். என் தம்பிக்கு என் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. அது அவன் குணம், அன்றைக்கு அதுவே அவனுக்குக் கேடாக வந்தது. வாசலைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கிப் பிடித்தான்.

"யாரும் கை வெக்கக் கூடாதுங்க."

"நாங்க என்ன பச்சக் கொழந்தைகளா சாமி?" என்றாள் கண்ணாத்தாக்கா.

குனிந்தோம். இரண்டு நிமிடம் இருக்கும். மேசையைச் சுற்றி நின்ற விதம்கூட செட்டில் நிற்கிற மாதிரியேதான் இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. தம்பி "போதுங்க" என்று மூடினான். பூட்டினான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நான் கை கழுவக் குழாய்க்குப் போனேன்.

தண்ணீர் பட்டபோதுதான் பார்த்தேன். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு நூல். பழுப்பு நிறம், அரை விரல் நீளம்.

முதலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று செட்டில் ஒட்டியது என்றுதான் நினைத்தேன். பிறகு, நேற்று ஓடியது வெள்ளைப் போர்வை என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. ஓரத்தில், பழுப்புக் கோடு முடிகிற இடத்தில், ஒரு நூல் நுனி நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து அந்த இடத்தைப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை, துணி சுத்தமாக இருந்தது, மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. நடுவில் என் கை போய் வந்திருக்கிறது. எண்ணூறு வருஷம் மணலுக்குள் பத்திரமாக இருந்ததை நான் நகத்தால் கிள்ளி எடுத்திருக்கிறேன்.

குழாயை மூடினேன். நூலை முந்தானை நுனியில் வைத்து முடிந்தேன். அதன் மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டேன்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை. மற்றவர்களும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பொன்னாயி வாயே திறக்கவில்லை; குஞ்சம்மாள் சோற்றைத் தொடாமல் சுருக்குப்பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாக்கா எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெசையாக் கெளம்பலாம், நேரமாச்சு" என்றாள். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆராயி ஒருத்திதான் இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

நான் எழுந்து போய்த் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவனுக்குச் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் அவன் சட்டையில் பிசிறு எடுத்தே அவனை வளர்த்தவள்.

அவன் உதடு வெளுத்துவிட்டது.

"அக்கா, நீ கெளம்பு. டெம்போவுல ஏறு. அதப் போற வழியில எங்காச்சும் போட்டுரு. யாருக்குந் தெரியாது."

"அந்தம்மா பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்குமேடா."

"பாத்தாப் பாக்கட்டும். தொறக்கலீன்னு நான் கையெழுத்துப் போட்டுருவேன். நீ போக்கா, மேடம் வந்துருவாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் டெம்போவுக்குப் போனேன். டிரைவர் கந்தன் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். எல்லாரும் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு சுருக்காக அவர்கள் வண்டியேறி நான் பார்த்ததில்லை. நானும் ஒரு காலை வைத்து ஏறினேன்.

எங்கள் வேலையில் ஒரு தப்பு எப்போதாவது நடக்கும். பிசிறு என்று நினைத்து, குறுக்கே ஓடும் ஊடை நூலையே இழுத்துவிடுவோம். அப்போதே சொல்லிவிட்டால் ஊசி போட்டு நெய்து மூடிவிடலாம். பயந்துகொண்டு மடித்து வைத்துவிட்டால், போர்வை சலவைக்குப் போய் வரும்போது அந்த இடம் விரல் நுழைகிற ஓட்டையாகியிருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்வதே இதைத்தான். டெம்போவில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்துக்கொண்டு நிற்கும்போது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நான் போய்விட்டால் சாயங்காலம் மேடம் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். அப்போது என் தம்பி பெட்டியைத் திறந்தவன் மட்டுமில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டவனும் ஆகிவிடுவான். ஓட்டை பெரிதாகிவிடும்.

இறங்கினேன்.

"எங்க போற வசந்தா?" என்று கண்ணாத்தாக்கா கத்தியது கேட்டது. திரும்பிப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று திரும்பவில்லை.

மேடம் சாப்பிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் நேரே போய் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூலை மேசை மேல் இருந்த வெள்ளைத் தாளில் வைத்தேன்.

"மேடம், இது உங்க போர்வையோட நூலுங்க. நான் பிடுங்கிப்போட்டேனுங்க. வேணும்னு பண்ணுலீங்க. பிசிறு எடுக்கறது எங்க வேல, கை அதும் பாட்டுக்குப் போயிருச்சுங்க."

அவர் எழுந்துவிட்டார்.

"பெட்டியை யார் திறந்தது?"

"நாந்தானுங்க. சாவி மேச மேல இருந்துச்சு, தம்பி தண்ணி குடிக்கப் போயிருந்தான்."

"இல்லீங்க மேடம்" என்றான் அர்த்தநாரி. "அக்கா பொய் சொல்றாங்க. நான்தான் தொறந்தேன். மூடியப் புடிச்சுட்டு நின்னதும் நான்தான்."

நான் அவனை முறைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேச வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சத்தம். என் பின்னாலேயே நாலு பேரும் இறங்கி வந்திருந்தார்கள்.

முதலில் வந்தவள் குஞ்சம்மாள். சுருக்குப்பையைத் திறந்து, பாக்கையும் புகையிலையையும் ஒதுக்கி, ஒரு நூலை எடுத்து என் நூலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னுதும் ஒன்னு இருக்குதுங்க" என்றாள்.

பொன்னாயி தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அதில் ஒரு நூல் சுற்றியிருந்தது. சுற்றைப் பிரித்து வைத்துவிட்டு, என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒன்று என்றால் ஒரு தவறு. மூன்று என்றால் கூட்டமாக வந்து கொள்ளையடித்த கணக்கில்லையா? தம்பியின் வேலை போயே போயிற்று என்று முடிவு கட்டினேன். அப்போது கண்ணாத்தாக்கா, எங்களுக்கெல்லாம் முதலாளியம்மா, பச்சைக் குழந்தைகளா என்று கேட்டவள், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். உள்ளே பஞ்சுத் துணியின் மேல் பவ்வியமாகப் படுத்திருந்தது நாலாவது.

"பாத்ததும் எடுத்துப்போட்டேனுங்க. எப்ப எடுத்தேன்னு சத்தியமாத் தெரியாதுங்க."

மேடம் மெதுவாக ஆராயியைப் பார்த்தார்.

"எனக்கு எட்டலீங்க" என்றாள் ஆராயி. அவள் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த நிமிடத்தில் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தாளில் நாலு நூலும் வரிசையாகக் கிடந்தன. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதால் எங்கள் பார்வை அவற்றின் மேல்தான் இருந்தது. கண்ணாத்தாக்கா கூட்டுக்குள் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"வசந்தா, இங்க பாரு."

"என்னக்கா?"

"நாலும் ஒரே நம்பர் நூலு."

நான் பார்த்தேன். ஒற்றை நூலாகப் பார்த்தபோது, அதுவும் பயத்தில், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது, இருட்டறையில் கொடுத்தாலும் சொல்லியிருப்பேன். நாலும் ஒரே கனம், ஒரே முறுக்கு.

"மேடம், கையில நூத்த நூலு ஒரு எடத்துல தடிக்கும், ஒரு எடத்துல மெலியுமுங்க" என்றாள் கண்ணாத்தாக்கா. அவள் குரல் செட்டில் பேசுகிற குரலாக மாறிவிட்டிருந்தது. "ஒரே ஆளு நூத்தாலும் காலைல நூத்தது ஒரு மாதிரி, பொழுதோட நூத்தது ஒரு மாதிரி இருக்கும். மூடியத் தூக்குனப்பப் பாத்தேன், போர்வையில நூலு அப்படித்தான் இருக்குது, ஒத்த நூலு, ஏத்த எறக்கமா. இது நாலும் ஒரே சீரு, ரெட்ட முறுக்கு. இது மில்லு நூலுங்க. எண்ணூறு வருசத்துக்கு முன்னால அங்க ஏதுங்க மில்லு?"

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு நூலாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். அதில் அந்தப் போர்வையைப் படமாக வரைந்து, அங்கங்கே சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தார்கள். பெட்டிக்கும் கோப்புக்குமாக அவர் குனிந்து நிமிர்ந்ததை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றோமோ தெரியாது. பொன்னாயி என் முதுகில் சேலையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அம்பது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல யாரோ கிழிசலைத் தைச்சிருக்காங்க" என்றார் கடைசியில். "துணி நிறத்துக்கே சாயம் போட்ட தையல் நூல். இத்துப் போய் இருபத்து மூணு இடத்துல நுனி நீட்டிக்கிட்டிருக்குன்னு இங்க எழுதியிருக்கு. அதுல நாலு இப்ப இல்லை. பழைய நூல் ஒண்ணுகூடப் போகலை. ஒண்ணுகூட."

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் வராத அழுகை, பயம் போனதும் வந்தது. குஞ்சம்மாள் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கண்ணாத்தாக்கா மட்டும் கம்பீரமாக நின்றாள். "நெசவுல சேந்த நூல எங்க கை தொடாதுங்க. சேராததத்தான் எடுக்கும்" என்றாள். அரை மணிக்கு முன்னால் டெம்போவில் ஏறி ஓடப் பார்த்தவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு அழுகையிலும் தோன்றியது.

"அதையும் தொட்டிருக்கக் கூடாதும்மா" என்றார் மேடம். கடுமையாகத்தான் சொன்னார், ஆனால் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நாலு நூலையும் ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டினார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "நீங்க திறந்ததை நான் எழுதாம இருக்க முடியாது. என்ன போச்சுன்னும் எழுதுவேன், ஒரு மணி நேரத்துக்குள்ள அவங்களே வந்து சொன்னாங்கன்னும் எழுதுவேன். உங்களை வேலையை விட்டு எடுக்கணும்னு எழுத எனக்கு மனசு இல்லை. ஆனா இனிமே சாவி என்கிட்டதான் இருக்கும்."

தம்பி கை கூப்பினான். அவர் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு எங்களையும் போடச் சொன்னார். குஞ்சம்மாள் கைநாட்டு வைத்தாள்.

"சரி, போர்வையைப் பார்த்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்த்தது நாலு பிசிறு. போர்வையை யாரும் பார்க்கவில்லை.

அவர் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் கதவைத் திறந்தார். கண்ணாடியில் எங்கள் மூஞ்சி மறைந்து துணி தெரிந்தது. அதைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மூடியைத் திறக்கச் சொல்லியிருக்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். வெள்ளையும் பழுப்புமாகப் படிக்கட்டு மாதிரி கோலம், ஓரத்தில் கயிறு போல முறுக்கிய கரை. நடுவில் ஓரிடத்தில் ஒரு படி தவறியிருந்தது. நெய்தவன் அவிழ்க்காமல் அப்படியே மேலே போயிருந்தான்.

"நம்ம செட்டுல இது டேமேஜ்ல போயிருக்கும்" என்றேன்.

"போனா என்ன, போத்திட்டுத் தூங்குனவன் குளுராமத் தூங்கியிருப்பான்" என்றாள் குஞ்சம்மாள். அன்று அவள் சேர்ந்தாற்போல் பேசியது அது ஒன்றுதான்.

ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு ஐந்து வாரமாக, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தது. சேந்தமங்கலத்தில் தட்டும் மாற்றினோம். எச்சரிக்கைக் கடிதத்தைப் பெண் வீட்டாருக்கு நாங்கள் காட்டவில்லை.

ஆனால் எனக்கு மனம் ஆறியது ஆர்டர் வந்த அன்று இல்லை. அன்றைக்கே, மூன்றரை மணிக்கு, வேப்பமரத்தடியில். வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்தது. அப்படி ஒரு பசி. கட்டுச்சோற்றை மறுபடி பிரித்தோம். முதல் கவளம் உள்ளே போனதும் பொன்னாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "எட்டலீங்களாமா" என்று ஆராயி மாதிரி சொல்லிக் காட்டி. அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கண்ணாத்தாக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. டிரைவர் கந்தன் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இறங்கி வந்து பார்த்தான்.

அர்த்தநாரி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். சிரிக்கவில்லை. கூப்பிட்டதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"உன்ன ஓடிப்போகச் சொன்னேன் பாருக்கா."

"சொன்னா என்ன? பயந்துட்ட."

"நீ போயிருந்தீன்னா நான் பொய்யா எழுதிக் குடுத்திருப்பேன். அத நெனச்சாத்தான்..." கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் மட்டும் யோக்கியமா? திறந்தது நான்தான் என்று அவனுக்கு முன்னால் வாய் கூசாமல் சொன்னவள். அதை அவனுக்குச் சொல்லி ஆறுதல்படுத்த எனக்குத் தெரியவில்லை. புளிச்சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை பிடித்தேன்.

"நீயும் மத்தியானமிருந்து ஒன்னுந் திங்கல. வாயத் தொற."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும்."

இருபத்தாறு வயசு, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறையச் சோறு. மென்றுகொண்டே அழுதான். இரண்டாவது உருண்டைக்கு அவனே வாயைத் திறந்தான்.